என்பிவி அடித்தும் புழு சாகவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொண்டைக்கடலை, துவரை, தக்காளி எல்லாவற்றையும் ஒரு கை பார்க்கும் பச்சைக் காய்ப்புழுவுக்கு என்பிவி (நியூக்ளியர் பாலிஹெட்ரோசிஸ் வைரஸ்) என்ற, புழுவுக்கு நோய் உண்டாக்கும் வைரஸ் நல்ல ஆயுதம். அடித்துவிட்டு, "மூணு நாளாச்சு, ஒண்ணுகூடச் சாகலை" என்று புலம்புகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் குறை வைரஸிடம் இல்லை. ரசாயன மருந்தை அடிக்கிற கணக்கிலேயே இதையும் அடிப்பதால்தான் சிக்கல்.

முதலில் இந்த அவசரத்தையே எடுத்துக்கொள்வோம். ரசாயனம் பூச்சியின் மேல் பட்டாலே பெரும்பாலும் வேலை செய்துவிடும். என்பிவி மேலே பட்டுப் பயனில்லை, புழு அதைத் தின்ன வேண்டும். வைரஸ் துகள்கள் பாலிஹெட்ரின் என்ற புரதத்தாலான படிகத்துக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கின்றன. ஒரு படிகம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான் இருக்கும். இலையோடு சேர்ந்து அது புழுவின் நடுக்குடலுக்குப் போகிறது. அங்கே காரத்தன்மை மிக அதிகம், பிஎச் 10-ஐ ஒட்டி இருக்கும். அந்தக் காரத்தில் படிகம் கரைந்து, வைரஸ் வெளியே வந்து குடல் செல்களைப் பிடிக்கிறது. அப்புறம் அந்தச் செல்களிலிருந்து வேறொரு வடிவத்தில் கிளம்பி கொழுப்புத் திசு, ரத்த செல்கள் என்று உடம்பு முழுக்கப் பரவுகிறது. கடைசிக் கட்டத்தில் செல்லின் உட்கரு முழுக்கப் புதுப் படிகங்கள் அடைத்துக்கொள்ளும். இவ்வளவும் நடந்து முடிய நான்கு நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகும்.

அந்த நாட்களில் புழு தின்றுகொண்டுதான் இருக்கும். வைரஸிடம் இஜிடி என்ற மரபணு ஒன்று உண்டு. புழு தோலுரிக்கத் தேவையான ஹார்மோனை அது செயலிழக்கச் செய்கிறது. தோலுரிக்கும் நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும் அல்லவா? தோலுரிப்பே நின்றுபோனால் அது தொடர்ந்து தின்னும், வைரஸும் நிறையப் பெருகும். வைரஸுக்கு லாபம், நமக்குக் கொஞ்சம் நஷ்டம். ஆகவே மூன்றாம் நாள் புழு உயிரோடு இருப்பதைப் பார்த்துக் கடைக்கு ஓட வேண்டாம். செடியின் நுனியில் தலைகீழாகத் தொங்கும் புழுக்களைத் தேடுங்கள். லேசாகத் தொட்டாலே தோல் கிழிந்து வெளுத்த திரவம் வடியும். படிகங்கள் வெளியேற வசதியாக, வைரஸ் தன் நொதிகளைக் கொண்டு புழுவின் உடலையே கரைத்துவிட்டிருக்கும். அந்தத் திரவம் கீழ் இலைகளில் சொட்டினால் அடுத்த புழுக்களுக்கும் நோய் தொற்றும்.

இரண்டாவது தவறு, பெரிய புழுவைக் கண்ட பிறகு அடிப்பது. முட்டையிலிருந்து வந்த குஞ்சுப் புழுவைக் கொல்லப் போதுமான அளவு, வளர்ந்த புழுவுக்குப் போதாது. நூற்றுக்கணக்கான மடங்கு கூடுதலாக வேண்டும், சில நேரம் ஆயிரம் மடங்குகூட. உடம்பு பெரிது என்பதோடு இன்னொரு காரணமும் உண்டு: தோலுரிக்கும்போது நோய் தொற்றிய குடல் செல்களைப் புழு உதிர்த்துவிட்டுத் தப்பிக்கவும் முடியும். அது காய்க்குள் தலையை நுழைத்துவிட்டால், இலையில் அடித்த வைரஸுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பெண் பூச்சியின் வாசனையால் ஆணை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் அந்துப்பூச்சி விழத் தொடங்கியதுமே செடியில் முட்டையைத் தேட ஆரம்பிப்பதுதான் சரியான நேரக் கணக்கு.

பகல் வெயிலில் அடிப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புற ஊதாக் கதிர் வைரஸின் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். மாலையில் அடித்தால் இரவு முழுக்கப் புழு தின்ன நேரம் கிடைக்கும். சில பரிந்துரைகளில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலக்கச் சொல்வது வெயிலிலிருந்து காக்கத்தான். நாட்டுச் சர்க்கரையும் பருத்திவிதைப் பருப்புச் சாறும் புழுவை நன்றாகத் தின்ன வைக்க. அவற்றை வெறும் சடங்கு என்று விட்டுவிடாதீர்கள்.

பலரும் யோசிக்காத தவறு டேங்கில் நடக்கிறது. காரத்தில் கரைவதுதான் படிகத்தின் குணம். பூஞ்சை நோய்க்கு அடிக்கும், சுண்ணாம்பு சேர்ந்த போர்டோ கலவையோடு என்பிவியைச் சேர்த்தால், புழுவின் குடலில் நடக்க வேண்டியது டேங்கிலேயே நடந்துவிடும். உறை இழந்த வைரஸ் வெளியே வெகுநேரம் தாங்காது. போர்வெல் தண்ணீர் பிஎச் 8 காட்டுகிறது என்பதற்காகப் பயப்படத் தேவையில்லை, படிகம் கரைய அதைவிடக் கடுமையான காரம் வேண்டும். ஆனால் முந்தின நாள் போர்டோ கலந்த டேங்கைக் கழுவாமல் பயன்படுத்துவது வேறு விஷயம். பருத்தியில் இன்னொரு சங்கடம்: அந்த இலையில் நிற்கும் பனிநீரே காரமானது. அங்கே வைரஸ் சீக்கிரம் வலுவிழப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அளவு விஷயத்தில் மில்லிக் கணக்கை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். பரிந்துரை எக்டருக்கு 250 முதல் 500 எல்.இ. எல்.இ. என்றால் 'லார்வல் ஈக்விவலன்ட்', அதாவது புழுக் கணக்கில் சொல்லும் அளவு; ஒரு எல்.இ. என்பது 600 கோடி படிகங்கள். அப்படியானால் 250 எல்.இ.யில் ஒன்றரை லட்சம் கோடி படிகங்கள் இருக்க வேண்டும். கடையில் 0.43 சதவீதச் செறிவிலும் என்பிவி கிடைக்கும், 2 சதவீதத்திலும் கிடைக்கும். பக்கத்து வயல்காரர் இத்தனை மில்லி போட்டார் என்று அதையே ஊற்றினால் கணக்கு உதைக்கும். லேபிளில் மில்லிக்கு எத்தனை படிகங்கள் என்று போட்டிருப்பதைப் பாருங்கள்.

எந்தப் புழுவுக்கு எந்த வைரஸ் என்பதும் முக்கியம். காய்ப்புழுவின் என்பிவி புரோடீனியா என்ற வெட்டுப்புழுவைக் கொல்லாது, அதற்குத் தனி என்பிவி உண்டு. துவரைப் பூவைப் பின்னிக்கொண்டு தின்னும் புள்ளிக் காய்ப்புழுவையும் அது ஒன்றும் செய்யாது. இந்தக் குறுகிய எல்லையால்தான் தேனீக்கும் பொறிவண்டுக்கும் ஆபத்தில்லை. பட்டுப்புழுவைத் தாக்கும் என்பிவியும் வேறு.

"வைரஸாச்சே, நமக்கு வந்துவிடாதா?" என்று தயங்குவதும் தேவையற்றது. நம் வயிற்றில் இருப்பது அமிலம், படிகம் அதில் கரையாது. மனித செல்லுக்குள் போனாலும் இந்த வைரஸால் பெருக முடியாது. மருந்து செய்யக்கூட இந்த வகை வைரஸ் உதவுகிறது. இதே குடும்பத்து வைரஸில் பாலிஹெட்ரின் மரபணுவை எடுத்துவிட்டு வேறொரு புரதத்தின் மரபணுவை வைத்தால், பூச்சி செல்கள் அந்தப் புரதத்தை ஏராளமாகச் செய்து தரும். 1983-ல் அமெரிக்காவில் மனித இன்டர்ஃபெரானை இப்படித்தான் தயாரித்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான செர்வாரிக்ஸ், கொரோனாவுக்குப் புணேயில் தயாரான கோவோவாக்ஸ் ஆகிய தடுப்பூசிகளின் புரதமும் இந்த முறையில் வந்ததே.

கடைசியாக ஒரு மிதப்பு: "ரசாயனத்துக்குத்தான் பூச்சி பழகிப்போகும், வைரஸுக்குப் பழகாது." ஐரோப்பிய ஆப்பிள் தோட்டங்களில் இது பொய்த்தது. ஆப்பிளைத் துளைக்கும் காட்லிங் அந்துப்பூச்சிக்கு, மெக்சிகோவில் கிடைத்த ஒரே வைரஸ் வகையை ஆண்டுக்கணக்கில் அடித்துவந்தார்கள். ஜெர்மனியின் சில இயற்கைவழித் தோட்டங்களில் அது பலிக்கவில்லை என்று 2005-ல் அறிக்கை வந்தது. எதிர்ப்புத்தன்மை பூச்சியின் பாலினக் குரோமோசோமில் இருந்ததால் வேகமாகப் பரவியது. வேறு இடங்களில் எடுத்த வைரஸ் வகைகளைக் கொண்டுவந்துதான் சமாளித்தார்கள். நம் ஊரிலும் வருடம் முழுக்க ஒரே டப்பாவை நம்பாமல், இனக்கவர்ச்சிப் பொறி, பறவை வந்து உட்காரக் குச்சி, வயலோரம் செண்டுமல்லி ஆகியவற்றோடு சேர்த்தே என்பிவியைப் பயன்படுத்துங்கள்.