லண்டனுக்குப் போனால் வெம்பிளியை எப்படிப் பார்ப்பது

இலங்கை மலையகத்திலிருந்து லண்டனுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். போனவர்களை எங்கெங்கே கூட்டிக்கொண்டு போவார்கள் என்பதும் தெரிந்ததுதான்: மணிக்கூட்டுக் கோபுரம், அரண்மனை வாசல், ஆற்றுப் பாலம். மூன்றாம் நாள் கால் வலி, அப்புறம் வீட்டுக்குள்ளே டிவி. அந்த நாட்களில் ஒன்றை வெம்பிளி ஸ்டேடியத்துக்கு ஒதுக்குங்கள். உதைபந்தாட்டம் பிடிக்காதவர்களுக்கும் அங்கே பார்க்க இருக்கிறது.

நான் தோட்டப் பாடசாலையில் உடற்கல்வி படிப்பித்து ஓய்வு பெற்றவன். ஹட்டன் டன்பார் மைதானம்தான் எங்களுக்குப் பெரிய மைதானம். தோட்டத்து மைதானத்தில் பந்து வெளியே போனால் தேயிலைக்குள் உருண்டு கீழ் மலைக்குப் போய்விடும். எடுத்து வருவதற்கென்றே ஒரு பையனை அங்கே நிறுத்தி வைப்போம். பனி இறங்கினால் கோல் கீப்பருக்கு எதிர்ப்பக்கக் கோல் தெரியாது. அந்தக் கண்ணோடு போய்ப் பார்த்தவன் சொல்வது இது.

முதல் வேலை, போகிற நாளைப் பார்ப்பது. மேட்ச் நடக்கும் நாளிலும் பெரிய இசைக் கச்சேரி நாளிலும் உள்ளே சுற்றிக் காட்ட மாட்டார்கள். ஆகவே மகனிடமோ மருமகனிடமோ சொல்லி, ஸ்டேடியத்தின் இணையதளத்தில் நாள் பார்த்து முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள். வாசலில் போய் நின்று பார்த்துக்கொள்ளலாம் என்ற நம் ஊர் வழக்கம் வேண்டாம். நுவரெலியாவுக்குப் போடும் ஸ்வெட்டர் வெயில் காலத்துக்குப் போதும். மற்ற மாதங்களில் காற்றுக்கு ஏற்ற ஜாக்கெட் வேண்டும். பெரிய பையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

என் மகள் வீடு வெம்பிளிக்குப் பக்கத்திலுள்ள அல்பேர்டனில். அங்கிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். ஆனாலும் முதல் தடவை போகிறவர்கள் வெம்பிளி பார்க் ரயில் நிலையத்தில் இறங்குவதுதான் நல்லது என்பேன். பேக்கர் ஸ்ட்ரீட்டிலிருந்து மெட்ரோபொலிட்டன் லைனிலோ ஜூபிலி லைனிலோ வரலாம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் அகலமான படிக்கட்டு, அதன் கீழே நேர் கோடாக ஒலிம்பிக் வே, அதன் முடிவில் ஸ்டேடியம். படியின் உச்சியில் கொஞ்சம் நில்லுங்கள். மேலே தெரியும் வெள்ளை வளைவு 133 மீட்டர் உயரம். நம் டெவன் நீர்வீழ்ச்சி 97 மீட்டர்தான். அழகுக்கு வைத்த வளைவு இல்லை அது. வடக்குப் பக்கக் கூரையின் பாரம் முழுவதையும் அதுதான் தாங்குகிறது. அதனால்தான் உள்ளே 90,000 பேர் உட்கார்ந்தாலும் ஒருவர் கண்ணையும் தூண் மறைப்பதில்லை.

அந்தத் தெருவில் நடக்கப் பத்து நிமிடம் போதும். கதையை அங்கேயே தொடங்கிவிடுங்கள். உள்ளே போனபின் வழிகாட்டி, இங்கிலாந்து உலகக் கோப்பை வென்ற 1966ஐ விட்டு அசைய மாட்டார்.

முதலில் அந்த இடத்தில் ஒரு கோபுரம் எழுந்தது. எட்வர்ட் வாட்கின் என்ற ரயில் கம்பனித் தலைவர், தன் ரயிலுக்கு ஆள் சேர்க்க, ஈபிள் கோபுரத்தைவிட உயரமாகக் கட்டப்போகிறேன் என்று தொடங்கினார். முதல் தட்டோடு பணமும் ஆர்வமும் தீர்ந்தன. 1907இல் மிச்சத்தையும் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில்தான் பிரித்தானியப் பேரரசுக் கண்காட்சிக்காக ஸ்டேடியம் கட்டினார்கள். முந்நூறு நாளில் கட்டி முடித்து, கண்காட்சிக்கு ஒரு வருடம் முன்னதாகவே, 1923 ஏப்ரல் 28இல் இங்கிலாந்துக் கழகங்கள் மோதும் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியை வைத்தார்கள். கணக்கில் வந்தவர்கள் 126,047 பேர். சுவர் ஏறிக் குதித்தவர்களையும் சேர்த்தால் இரண்டு லட்சத்துக்கு மேல் என்பார்கள். மைதானம் முழுக்க சனம். ஜோர்ஜ் ஸ்கோரி என்ற பொலிஸ்காரர் பில்லி என்ற குதிரையில் ஏறி மெல்ல மெல்லக் கூட்டத்தைக் கோட்டுக்கு வெளியே தள்ளியபின்தான், முக்கால் மணிநேரம் பிந்தி ஆட்டம் தொடங்கியது. போல்டன் 2, வெஸ்ட் ஹாம் 0. பக்கத்தில் உள்ள பாலத்துக்கு வெள்ளைக் குதிரைப் பாலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். போட்டிகளில் கூட்டம் கட்டுப்படுத்திப் பழகியவன் என்ற முறையில், கோல் போட்டவர்களைவிட அந்தக் குதிரைக்காரர்மேல்தான் எனக்கு மரியாதை.

இனி நம் பங்கு. 1924 ஏப்ரல் 23இல் அந்தக் கண்காட்சியை ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் இந்த ஸ்டேடியத்தில் வைத்துத் திறந்தார். இரண்டு வருடங்களில் ஏறத்தாழ 2.7 கோடிப் பேர் வந்து பார்த்த கண்காட்சி அது. பேரரசின் பல நாடுகளுக்கும் மண்டபங்கள். இலங்கைக்கும் கண்டிய பாணியில் ஒரு மண்டபம் கட்டி, நம் தேயிலையை வைத்தார்கள். தோட்டத் தொழிலாளியைக் கடனால் கட்டிப்போட்ட துண்டு முறை ஒழிந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வர இன்னும் மூன்று வருடம் இருந்தது. தமிழ்நாட்டுக் கரையில் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய மண்டபம் முகாம் வழியாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இங்கே தோட்டத்தில் என் பாட்டி கொழுந்து பறித்த காலம். என் வீட்டுக்காரிக்கு உதைபந்தாட்டத்தில் ஓர் அக்கறையும் கிடையாது. இந்தக் கதையைச் சொன்ன பிறகுதான் அவள் செருப்பை மாட்டினாள்.

அந்த மண்டபம் இப்போது இல்லை, தேடி அலையாதீர்கள். ஆனால் எம்பயர் வே என்ற தெருப் பெயர்ப்பலகை அந்தக் காலத்தை ஞாபகப்படுத்தும். படம் எடுக்க விரும்புகிறவர்கள் அதன் கீழே நின்று எடுத்துக்கொள்ளலாம்.

கண்காட்சி முடிந்ததும் ஸ்டேடியத்தை இடித்துவிடலாம் என்றுதான் பேச்சு. காப்பாற்றியவர், கண்காட்சியில் புகையிலைக் கடை வைத்திருந்த ஆர்தர் எல்வின். 1927இல் வாங்கி, நாய் ஓட்டப் பந்தயம் நடத்திப் பிழைக்க வைத்தார். அந்த நாய் ஓடிய வளையத்தின்மேல்தான் 1948 ஒலிம்பிக்குக்கு ஓடுபாதை போட்டார்கள். உடற்கல்வி ஆசிரியர் யாராவது இதைப் படித்தால், இந்த இடத்தில் கவனம். 1948 ஜூலை 31 அன்று, 400 மீட்டர் தடை தாண்டலில் டங்கன் வைட் 51.8 செக்கனில் ஓடி வெள்ளிப் பதக்கம் வாங்கியது இங்கேதான். இலங்கைக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம். கண்டி திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவர் அவர். அடுத்த பதக்கம் வர 2000 வரை காத்திருந்தோம். மூங்கில் கம்பைக் கட்டி வைத்துத் தடை தாண்டல் பழக்கிய எனக்கு, அந்தப் புல்லின் ஓரத்தில் நின்றபோது உதைபந்து ஞாபகமே வரவில்லை. அதே வருடம் நவம்பரில் நம் ஆட்களின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டமும் வந்தது. அது வேறு கதை.

உள்ளே சுற்றுவதற்கு ஒன்றேகால் மணிநேரம் அளவில் ஆகும். வழிகாட்டியின் இங்கிலீஷ் வேகமானது, அவர் சொல்லும் பகிடி நமக்கு அடுத்த அறையில்தான் புரியும். அங்கே படிக்கும் பேரப்பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உடை மாற்றும் அறை, பத்திரிகையாளர் அறை, வீரர்கள் வரும் சுரங்க வழி என்று போகும். புல்லில் கால் வைக்க விடமாட்டார்கள், ஓரத்தோடு சரி. கோப்பை வாங்கும் மேடைக்கு 107 படி. பழைய ஸ்டேடியத்தில் 39தான் இருந்தது. முழங்கால் நோவு உள்ளவர்கள் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள், லிஃப்ட் இருக்கிறது.

ஓரிடத்தில் அவசரப்படாதீர்கள். 1966 ஜூலை 30, உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இருந்த கோலின் குறுக்குக் கம்பத்தை அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மேலதிக நேரத்தில் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து இதன் அடிப்பக்கத்தில் பட்டுக் கீழே விழுந்தது. கோட்டைத் தாண்டியதா இல்லையா? சுவிஸ் நடுவர் டீன்ஸ்ட், அசர்பைஜான்காரரான கோட்டு நடுவர் பஹ்ராமோவிடம் ஓடிப்போய்க் கேட்டார். அவர் தலையாட்டினார், கோல். முடிவு இங்கிலாந்து 4, மேற்கு ஜெர்மனி 2. கிட்டப் போய்க் குனிந்து அந்த அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளைப் பெயின்ட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனாலும் வருகிறவர்கள் எல்லாரும் குனிகிறார்கள். தோட்டத்து மேட்ச்களில் கோட்டு நடுவராகக் கொடி பிடித்து ஏச்சு வாங்கியவன் நான். என் ஓட்டு பஹ்ராமோவுக்கு.

பழைய ஸ்டேடியத்தின் கடைசி ஆட்டம் 2000 அக்டோபர் 7. அதே ஜெர்மனி வந்து 1–0 என்று வென்றுவிட்டுப் போனது. பழைய ஸ்டேடியத்தின் முகப்பில் நின்ற இரட்டைக் கோபுரங்களையும் இடித்துவிட்டுக் கட்டிய புதியது 2007இல் திறந்தது. தோண்டும்போது வாட்கின் கோபுரத்தின் அத்திவாரம் வெளியே வந்ததாம். பேத்திகளோடு போகிறவர்கள் 2022 ஜூலை 31ஐச் சொல்லிக் கொடுங்கள்: மகளிர் யூரோ என்ற ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி, 87,192 பேர் முன்னால் இங்கிலாந்துப் பெண்கள் ஜெர்மனியை 2–1 என்று வென்றார்கள்.

வெளியே வந்ததும் ஸ்டேடியக் கடையில் சாப்பிடாதீர்கள், விலை கடிக்கும். ஈலிங் ரோட்டுக்குப் போங்கள். நம் தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும், தோசையும் கொத்து ரொட்டியும் சூடாகக் கிடைக்கும். மேட்ச் நாள் என்றால் அந்தப் பக்கமே கார் எடுக்க வேண்டாம். அனுமதிச் சீட்டு இல்லாமல் தெருவில் நிறுத்தினால் தண்டப்பணம் மருமகன் தலையில் விழும், அதை அடுத்த பயணம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்.