மழையில் வானவில் பேரணி: முதன்முறை போகும் ஆதரவாளருக்கு

சென்னையில் ஜூன் மாதம் யாரும் குடையோடு கிளம்புவதில்லை. நம் மழைக்காலம் ஐப்பசியில்தானே என்று நானும் வெறுங்கையோடு போனேன். மதியம் இரண்டு மணிக்கு மண்டையைப் பிளந்த வெயில், நான்கரைக்கு இடியும் மழையுமாக மாறிவிட்டது. தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் தம் உரிமைக்காகவும் பெருமிதத்தோடும் நடக்கும் இந்தப் பேரணி 2009இல் தொடங்கியது, பெரும்பாலும் ஜூன் கடைசி ஞாயிறு பிற்பகலில்தான் நடக்கிறது. பகலெல்லாம் சூடேறிய காற்று மேலெழுந்து மாலையில் கொட்டித் தீர்ப்பது அந்தப் பருவத்தில் அதிசயமில்லை. வானம் பளிச்சென்று இருந்தாலும் மழைக்குத் தயாராகவே போங்கள்.

இடம்: அண்மை ஆண்டுகளில் எழும்பூர் ராஜரத்தினம் மைதானத்தின் அருகே தொடங்கியிருக்கிறது. காவல்துறை அனுமதியைப் பொறுத்து பாதை மாறலாம், அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள். பைக் வேண்டாம், மெட்ரோவில் வாருங்கள்.

பதாகை: நான் சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன். ஐந்தே நிமிடத்தில் ஊதா நிறம் முழங்கை வரை வழிந்தது. பழைய ஃப்ளெக்ஸின் வெள்ளைப் பின்புறத்தில் பெர்மனென்ட் மார்க்கரால் எழுதுவதுதான் என் கட்சி. கல்யாணம் முடிந்த எந்த வீட்டிலும் ஒரு ஃப்ளெக்ஸ் சுருட்டிக் கிடக்கும். மணமக்கள் உள்பக்கம் போகும்படி மடித்துத் தைத்துவிடுங்கள். வாசகம் உங்கள் பெருந்தன்மையைப் பற்றியதாக இருக்கவேண்டாம். கொடி பிடித்தால் சிவப்பு மேலே வரவேண்டும்.

குடை: வேண்டவே வேண்டாம். கூட்டத்தில் அதன் கம்பி அடுத்தவர் கண்ணுக்கு நேராக நிற்கும், பின்னால் வருபவரின் பதாகையையும் மறைக்கும். தலைவழியாக மாட்டும் மெல்லிய பிளாஸ்டிக் ரெயின்கோட் போதும். புழுங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பறை அடிப்பவர்கள் வந்திருந்தால் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஈரம் பட்டால் தோல் தொய்ந்து ஓசை அமுங்கிவிடும், நடுச்சாலையில் தீ மூட்டிக் காய்ச்சவும் முடியாது. ஒரு தார்ப்பாயின் முனையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடங்கள்.

இனி நான் சறுக்கிய இடம்.

பேரணியில் சிலர் காகித முகமூடி அணிந்து வருவார்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, வயதுவந்தோர் மனமொப்பிய தன்பாலின உறவைக் குற்றமாக்கியதை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று நீக்கிவிட்டது. ஆனால் வீட்டு உரிமையாளருக்கும் மேலதிகாரிக்கும் மாமாவுக்கும் அந்தத் தீர்ப்பு போய்ச் சேரவில்லையே. அன்று மழை வலுத்ததும் காகிதமெல்லாம் கூழாகிக் கையோடு வந்தது. பக்கத்தில் ஒருவர் அந்தத் துண்டுகளை முகத்தில் ஒட்டவைக்கப் பார்த்தார், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானோ மழையில் ஆடுபவர்களை ஆனந்தமாக வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றிரவே அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். தெரிந்தவர் ஒருவர் அழைத்து, "ஓரமாக நிற்பது எங்கள் தெருப் பையன் மாதிரி இருக்கிறதே?" என்றார். உடனே அழித்தேன். அதற்குள் 43 பேர் பார்த்திருந்தார்கள். அந்த ஓரத்தில் நின்றவரிடம் மன்னிப்புக் கேட்கலாமென்றால் அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஆகவே மழை தொடங்கியதும் கேமராவை மூடிவிடுங்கள். படம் வேண்டுமென்றால் கால்கள், பதாகைகள், நனைந்து சுருண்ட கொடி போதும். அனுப்புவதற்கு முன் படத்தைப் பெரிதாக்கி ஓரங்களைப் பாருங்கள். நான் நடுவில் ஆடியவர்களை மட்டும்தான் பார்த்தேன். கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமான துணி முகக்கவசங்கள் நான்கைந்தை ஒரு ஜிப் கவரில் போட்டு எடுத்துப்போங்கள். தேவைப்படுபவரிடம் நீட்டுங்கள், காரணம் கேட்காதீர்கள்.

பேசும்போது பெயரைக் கேட்டுவிடுவது நல்லது. பார்த்ததும் அண்ணா, அக்கா என்று நாமே முடிவு கட்டவேண்டியதில்லை. தமிழில் ஒரு வசதி: 'வந்தானா', 'வந்தாளா' என்று தடுமாறாமல் 'வந்தாரா' என்று கேட்டுவிடலாம்.

இடி இடித்தால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கட்டடத்துக்குள் போங்கள்.

பிற்சேர்க்கை: பத்திரிகையில் தன் முகம் வந்துவிடுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வரலாம், புகைப்படக்காரர்கள் நிறையப் பேர் வருவார்கள். உங்கள் வீட்டிலும் பிரச்சினை என்றால் அந்த முகக்கவசங்களில் ஒன்றை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு பிற்சேர்க்கை: ஆண்டுதோறும் நடக்கும் ஒரு திருநங்கை, நான் யோசிக்காத ஒன்றைச் சொன்னார். பலர் புடவையில் நடந்துவிட்டு, பேன்ட் சட்டைக்கு மாறித்தான் ஊருக்குத் திரும்புகிறார்கள். மழை வந்தால் முதலில் நனைவது தோள்பையிலிருக்கும் அந்த மாற்றுடைதான். இப்போது என் பையில் ஒரு காய்ந்த துண்டும், பெரிய கறுப்புக் குப்பைப் பைகள் ஆறும் இருக்கின்றன. ஒரு பைக்குள் இரண்டு பேரின் துணி கொள்ளும்.