வீசுகோல் இரண்டாகத் தெரிந்த கதை

நாகர்கோவிலில் ஒரு டிவி நிகழ்ச்சிக்காக வில்லுப்பாட்டு அண்ணாச்சி ஒருவரைச் சுற்றி 12 கேமரா வைத்து முப்பரிமாணமாகப் பிடித்தோம். கம்ப்யூட்டரில் சேர்த்துப் பார்த்தால் முகம், நெற்றித் திருநீறு, வில்லில் தொங்கும் மணி எல்லாம் சுத்தம், வில்லின் நாணில் அடிக்கும் வீசுகோல் மட்டும் பாதி காணோம், மீதி இரண்டாகத் தெரிகிறது. "மக்கா, எனக்கு எப்போடே மூணாவது கை முளைச்சுது?" என்று அவரே கேட்டுவிட்டார்.

கேலிபரேஷன்தான் (எந்த கேமரா எங்கே, எந்தக் கோணத்தில் நிற்கிறது என்ற கணக்கு) போச்சு என்று, அதைச் சரிபார்க்கும் செஸ் போர்டு அட்டையைத் தூக்கிக்கொண்டு மூன்று தடவை சுற்றி வந்தேன், வீண் வேலை. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்த ஃபிரேமில் பிசிறே இல்லை என்பதைக் கவனித்த பிறகுதான் உறைத்தது: கேலிபரேஷன் தப்பென்றால் அப்போதும் கோணியிருக்கும், அசையும்போது மட்டும் கெடுகிறது என்றால் கேமராக்களுக்குள் நேரம்தான் பொருந்தவில்லை. எல்லா கேமராவின் பதிவையும் ஒரு கைதட்டல் சத்தத்தை வைத்துச் சேர்த்திருந்தோம். வினாடிக்கு 25 ஃபிரேம் எடுக்கையில் அப்படியும் 20 மில்லிசெகண்ட் (ஒரு ஃபிரேம் இடைவெளியில் பாதி) வரை விலகல் நிற்கும், வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசும் கோல் அதற்குள் 6 சென்டிமீட்டர் போய்விடும்.

அப்புறம் ஜென்லாக் (எல்லா கேமராவையும் ஒரே கணத்தில் ஃபிரேம் எடுக்க வைக்கும் வசதி) உள்ள கேமராக்களை வாடகைக்கு எடுத்து, எல்லாவற்றுக்கும் ஒரே சிக்னலை வயர் இழுத்துக் கொடுத்தேன் (வாடகையைக் கேட்காதீர்கள்). ஷட்டரை 1/100 வினாடிக்கு வைத்ததில், நம்மூர் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் வினாடிக்கு 100 தடவை வரும் லைட் மினுக்கமும் அடங்கியது. அண்ணாச்சிக்கு இப்போது இரண்டே கைதான்.