வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்: காம்பட் லாக்கைப் படித்து ஆட்டத்தைத் திருத்திக்கொள்ளும் முறை

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்னும் இணைய விளையாட்டில், ரெய்டு எனப்படும் பெருங்குழு மோதலில் ஒரு பாஸ், அதாவது தலைமை எதிரி, வீழ்ந்ததும் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது, யார் எவ்வளவு டேமேஜ் (பாதிப்பு) கொடுத்தார் என்று காட்டும் டேமேஜ் மீட்டரில் தமது பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதைத்தான். யார் முந்தினார், யார் பிந்தினார் என்பதை அந்தப் பட்டியல் காட்டுமே தவிர, அதற்கான காரணத்தைக் காட்டாது. காரணம் ஆட்டமே எழுதிவைக்கும் காம்பட் லாக் என்னும் உரைக்கோப்பில் இருக்கிறது. யார் எந்த மந்திரத்தை எப்போது ஏவினார், அது எவ்வளவு டேமேஜ் கொடுத்தது, எந்த பஃப் (தற்காலிக வலுவூட்டல்) எப்போது ஏறி எப்போது இறங்கியது, யார் எப்போது இறந்தார் என்பதெல்லாம் மில்லிநொடிக் கணக்கில் அதில் வரி வரியாகப் பதிவாகின்றன. அதைப் படிக்கும் முறையை, டேமேஜ் கொடுக்கும் ஆட்டக்காரரை முதன்மையாகக் கருதி இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஆட்டத்தின் அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குச் சென்று ‘அட்வான்ஸ்டு காம்பட் லாக்கிங்’ என்பதை இயக்கிவிட வேண்டும். இது இல்லாவிட்டாலும் பதிவு நடக்கும். ஆனால் ஒவ்வொருவரும் நின்ற இடம், அந்தக் கணத்தில் மீதமிருந்த ஹெல்த் போன்ற விவரங்கள் கிடைக்காமல் போகும். அடுத்து, சாட் பெட்டியில் ஒரு சாய்கோடிட்டு, இடைவெளியின்றி ‘காம்பட்லாக்’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் பதிவு தொடங்கும். அதே கட்டளையை மீண்டும் இட்டால் பதிவு நின்றுவிடும் என்பதால், சந்தேகத்தில் இரண்டு முறை இட்டுவிட்டு ரெய்டு முழுவதையும் பதிவில்லாமல் ஆடி முடிப்பவர்கள் உண்டு. பதிவு தொடங்கியதா, நின்றதா என்று சாட்டில் வரும் செய்தியைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஆட்டத்தை மூடித் திறந்தால் கட்டளையை மறுபடியும் இட வேண்டும். ரெய்டில் ஒருவர் பதிவு செய்தாலே போதும். கோப்பு ஆட்டத்தின் ‘லாக்ஸ்’ அடைவில் சேரும். ஓர் இரவுக்கே அது நூற்றுக்கணக்கான மெகாபைட் அளவுக்குப் பெருகக்கூடும் என்பதால் பழையவற்றை அவ்வப்போது நீக்கிவிடலாம்.

இந்தக் கோப்பைக் கண்ணால் படிப்பது நடவாத காரியம். வார்கிராஃப்ட் லாக்ஸ் தளத்தின் அப்லோடர் செயலியைக் கொண்டு பதிவேற்றினால், ஒவ்வொரு மோதலும் தனித்தனியாகப் பிரிந்து, அட்டவணையாகவும் வரைபடமாகவும் காலக்கோடாகவும் கிடைக்கும். அந்த அறிக்கையின் இணைப்பை வாவ்அனலைசர் என்னும் திறமூலக் கருவியில் கொடுத்தால், உங்கள் ஸ்பெக்குக்கு, அதாவது உங்கள் பாத்திர வகைக்குள் நீங்கள் தேர்ந்த சிறப்புப் பிரிவுக்கு, உரிய குறைகளை அது பட்டியலிடும். ஆனால் ஒவ்வொரு ஸ்பெக்கின் பகுதியையும் தன்னார்வலர்களே பராமரிப்பதால், ஆட்டத்தின் நடப்புப் பேட்ச்சுக்கு (புதுப்பிப்புக்கு) ஏற்ப அது புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே அதன் தீர்ப்பை நம்ப வேண்டும்.

அறிக்கையைத் திறந்ததும் கண்ணில் படுவது வண்ண எண்கள். உங்களைப் போன்ற அதே ஸ்பெக் ஆட்டக்காரர்களில் எத்தனை சதவீதத்தினரை நீங்கள் விஞ்சினீர்கள் என்பதை அவை குறிக்கின்றன: 25-க்குக் கீழே சாம்பல், 25 முதல் பச்சை, 50 முதல் நீலம், 75 முதல் ஊதா, 95 முதல் ஆரஞ்சு, 99 இளஞ்சிவப்பு, 100 பொன்னிறம். இந்த எண்ணுக்காக ஆட்டக்காரர்கள் செலவிடும் உணர்ச்சிக்கு அது தகுதியானது அன்று என்பது என் கருத்து. பாஸ் எவ்வளவு விரைவில் வீழ்ந்தது, பிரீஸ்ட் வகை ஆட்டக்காரர் பவர் இன்ஃப்யூஷன் என்னும் தனது பஃப்பை யாருக்குக் கொடுத்தார், உங்களுக்கு எந்தப் பணி ஒதுக்கப்பட்டது என்பவையெல்லாம் அதை ஏற்றியிறக்கும். உங்கள் எண் ஏன் 40-ஆக இருக்கிறது என்பதற்கு அந்த எண்ணிலிருந்து எந்த விடையும் வராது.

விடை தேட வேண்டிய முதல் இடம், எதையும் ஏவாமல் கழிந்த வெற்று நேரம். நீங்கள் செய்த தவறான காஸ்ட்டுகளை (மந்திர ஏவல்களை) விட, செய்யாமலே விட்ட காஸ்ட்டுகள்தான் பெரும்பாலும் டேமேஜைத் தின்கின்றன. பல கிளாஸ்களுக்கு (பாத்திர வகைகளுக்கு) அடிப்படை குளோபல் கூல்டவுன், அதாவது ஒரு காஸ்ட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே கட்டாயம் காத்திருக்க வேண்டிய நேரம், 1.5 நொடி, 20 சதவீதம் ஹேஸ்ட் (வேகக் கூட்டல்) இருந்தால் அது 1.25 நொடியாகக் குறையும். அப்படியானால், அந்த வேகத்திலேயே இடைவிடாது ஏவுகிற ஒருவருக்கு 5 நிமிட மோதலில் 240 காஸ்ட்டுகளுக்கு இடமுண்டு. அவர் 85 சதவீத நேரமே செயலில் இருந்தால் 45 நொடி வீணாகிறது. அதாவது 36 காஸ்ட்டுகள் இல்லை. எந்த மந்திரத்தை எந்த வரிசையில் ஏவுவது என்பதை எவ்வளவு செம்மைப்படுத்தினாலும் இந்த இழப்பை ஈடுகட்டுவது கடினம்.

ஆகவே ‘காஸ்ட்ஸ்’ பகுதியின் காலக்கோட்டைத் திறந்து, இடைவெளிகளைத் தேடுங்கள். ஒவ்வொரு நீண்ட இடைவெளிக்கும், அந்த நொடியில் பாஸ் என்ன செய்துகொண்டிருந்தது என்று பாருங்கள். பாஸைத் தாக்கவே முடியாத கட்டமாக இருந்தால் எல்லோருடைய கோட்டிலும் அதே வெறுமை இருக்கும். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். உங்கள் கோட்டில் மட்டும் வெறுமை இருந்தால், பெரும்பாலும் நகரும்போது ஏவக்கூடிய மந்திரம் கையிருப்பில் இல்லாமல் போயிருக்கும், அல்லது வேண்டியதற்கு மேல் வெகுதூரம் ஓடியிருப்பீர்கள். ஒவ்வொரு காஸ்ட்டுக்கும் நடுவே சிறுசிறு இடைவெளிகள் சீராகத் தென்பட்டால் காரணம் வேறு: குளோபல் கூல்டவுன் முடிந்த பிறகே அடுத்த பொத்தானை அழுத்துகிறீர்கள். முடிவதற்குச் சற்று முன்பே அழுத்தினாலும் ஆட்டம் அதை வரிசையில் ஏற்றுக்கொள்ளும். இதற்கான இயல்பு அளவு 400 மில்லிநொடி. தொலைதூர சர்வரில், அதிகப் பிங்குடன் (தகவல் போய்வரும் தாமதத்துடன்) ஆடுபவர்களுக்கு இந்த ஒரு பழக்கமே கணிசமான காஸ்ட்டுகளை மீட்டுத் தரும்.

அடுத்து கூல்டவுன்கள், அதாவது ஒருமுறை ஏவினால் மீண்டும் கிடைக்கக் காத்திருக்க வேண்டிய வலிய மந்திரங்கள். 90 நொடிக்கு ஒருமுறை கிடைக்கும் ஒன்றை 5 நிமிட மோதலில் தொடக்கத்திலேயே பயன்படுத்தினால், 0:00, 1:30, 3:00, 4:30 என நான்கு முறை ஏவலாம். முதல் முறையை 0:40 வரை தள்ளிப்போட்டால் 0:40, 2:10, 3:40 என்று மூன்றோடு முடிந்துவிடும். ஆனால் மோதல் 6 நிமிடம் நீண்டால் இரண்டு வழியிலும் நான்குதான். எனவே தாமதம் எல்லாம் தவறல்ல. மொத்த எண்ணிக்கையைக் குறைக்கும் தாமதமே தவறு. பாஸ் கூடுதல் டேமேஜ் வாங்கும் கட்டத்துக்காகக் காத்திருப்பது பல சமயம் லாபம். மோதலின் நீளத்தை லாக்கில் பார்த்து, சாத்தியமான எண்ணிக்கையைக் கணக்கிட்டு, உங்கள் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள்.

நேரம் செல்லச் செல்ல டேமேஜ் கொடுக்கும் டாட் வகை மந்திரங்களுக்கு, பாஸின் மேல் அவை இருந்த நேரத்தின் சதவீதத்தைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, அவசரப்பட்டுப் புதுப்பித்தீர்களா என்பது. 18 நொடி நீளும் டாட் என்றால் அதில் 30 சதவீதம், அதாவது 5.4 நொடி வரையிலான மீதி மட்டுமே புதியதோடு சேரும். 10 நொடி மீதமிருக்கும்போதே புதுப்பித்தால் 4.6 நொடி வீண்.

இறந்தவர் டேமேஜ் கொடுப்பதில்லை என்பதால், ‘டெத்ஸ்’ பகுதியைத் தவிர்க்கவே கூடாது. கடைசி அடி எது என்பதில் கண்ணைப் பதிக்காமல், அதற்கு முந்தைய 10 நொடியைப் படியுங்கள். தரையில் கிடந்த தீயில் எத்தனை நொடி நின்றீர்கள், ஹெல்த் பாதியாகக் குறைந்தபோது தற்காப்பு மந்திரமும் ஹெல்த்தை மீட்கும் ஹெல்த்ஸ்டோனும் கையில் இருந்தனவா என்பவை அங்கே தெரியும். குழுவே அழிந்த மோதல்களில் முதலில் இறந்தவரின் வரியிலிருந்து தொடங்க வேண்டும். பின்னால் வந்த இறப்புகள் பெரும்பாலும் அதன் விளைவுகளே. தடுக்க வேண்டிய எதிரி மந்திரங்களில் எத்தனை தடுக்கப்பட்டன, எத்தனை முழுமையாக ஏவப்பட்டன என்பதும் அதே லாக்கில் கிடைக்கும்.

ஒப்பிடுவதற்கு உலக முதலிடத்தில் இருப்பவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவருடைய குழு முழுவதும் அவருக்காகவே ஆடியிருக்கக்கூடும். அதே பாஸ், அதே கடினநிலை, உங்களை ஒட்டிய ஐட்டம் லெவல் (அணிந்த பொருட்களின் தர எண்), மோதல் நீளத்தில் அதிக வித்தியாசம் இல்லாமை ஆகியவை பொருந்தி, உங்களைவிடச் சற்றே மேலிருக்கும் ஒருவரின் லாக்கை எடுங்கள். டேலண்ட் (சிறப்புத் திறன்) தேர்வுகளும் கியரும் (அணிந்த பொருட்களும்) லாக்கிலேயே பதிவாகியிருக்கும். அவை வேறாக இருந்தால் காஸ்ட் எண்ணிக்கையை நேருக்கு நேர் ஒப்பிடுவதில் பொருளில்லை.

குழுவின் காயங்களை ஆற்றும் ஹீலர்களுக்கு இந்த வழி அப்படியே பொருந்தாது. ஒருவர் ஆற்றிய காயத்தை இன்னொருவர் ஆற்ற முடியாது என்பதால், ஒரு ஹீலரின் எண் உயர்ந்தால் மற்றவருடையது தாழும். அவர்கள் பார்க்க வேண்டியது, குழுவின் ஹெல்த் பெரிதாகச் சரிந்த நொடிகளில் தமது பெரிய கூல்டவுன்கள் வந்தனவா என்பதையும், இருவர் ஒரே நொடியில் செலவழித்துவிட்டார்களா என்பதையும்தான். பாஸின் அடிகளைத் தாங்கி நிற்கும் டேங்குகள் தமது டேமேஜ் எண்ணைக் கடைசியில் பார்த்தால் போதும். பாஸின் பலத்த அடி விழுந்தபோது தற்காப்பு பஃப் இருந்ததா என்பதே அவர்களின் முதல் கேள்வி.

இவ்வளவையும் ஒரே வாரத்தில் திருத்த முயல்வதைவிட, ஒன்றை மட்டும் எடுத்து, அடுத்த ரெய்டில் அதே பாஸின் லாக்கில் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்ப்பது பயன் தரும். எடுத்துக்காட்டாக, செயலில் இருந்த நேரம் 85-லிருந்து 91 ஆகியிருந்தும் டேமேஜ் உயரவில்லை என்றால், நிரப்பிய காஸ்ட்டுகள் எவை என்று பாருங்கள். வலிமையற்ற மந்திரத்தால் வெற்றிடத்தை அடைத்திருக்கிறீர்கள் என்றால், கூல்டவுன் பகுதிக்கு நகர வேண்டிய நேரம் வந்துவிட்டது.