எலியின் மூக்கும் எடையும்: ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் செலின் ரியேரா, ஆண்ட்ரூ டில்லின் குழுவினர் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மரபணு மாற்றத்தின் துணையோடு டிப்தீரியா நச்சைச் செலுத்தி மோப்ப நரம்பணுக்களை அழித்த எலிகள், கொழுப்பு மிகுந்த தீவனத்தைத் தின்றும் மற்ற எலிகளைப் போலப் பருக்கவில்லை. வாசனை தெரியாததால் அவை குறைவாகத் தின்றிருக்கும் என்று கருதுவதுதான் முதல் தவறு. இரு வகை எலிகளும் ஏறத்தாழ ஒரே அளவே தின்றன. மாறியது உடலின் ஆற்றல் வரவு அன்று, செலவு. உடலை விழிப்புநிலைக்குக் கொண்டுவரும் பரிவு நரம்புகள் தூண்டப்பட்டு, உடலுக்குச் சூடு தரும் பழுப்புக் கொழுப்பு கூடுதலாக எரிந்து வெப்பமாகியது. அந்த நரம்புகள் சுரக்கும் நோரட்ரினலின் என்னும் வேதிப்பொருளின் அளவும் உயர்ந்தது. அது இதயத்துக்கு நல்லதன்று என்பதை, மூக்கைப் பொத்திக்கொண்டு உண்டால் இளைக்கலாம் என்று நம்புவோர் கவனிப்பதில்லை.

‘கூர்மையான மோப்பம் பருமனைத் தரும்’ என்று நேர்க்கோடு போடுவது அதைவிடப் பெரிய தவறு. அதே குழு, மோப்ப நரம்பணுக்களில் மட்டும் ஐ.ஜி.எஃப்-1 என்னும் இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணியின் ஏற்பியை நீக்கியபோது எலிகளின் மோப்பம் கூர்மையானது, எடையும் ஏறியது. ஆனால் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டெப்ரா ஃபடூல் குழுவினர் ஆராய்ந்த, உயிரணுச் சவ்வில் பொட்டாசியம் கடந்துசெல்லும் கே.வி.1.3 என்னும் வாயிலுக்கான மரபணு நீக்கப்பட்ட எலிகளும் அபார மோப்பம் கொண்டவையே. அவையோ மெலிந்தவை, கொழுப்புத் தீவனத்துக்கும் எளிதில் பருக்காதவை. இந்த வாயில் உடலின் வேறு பல உயிரணுக்களிலும் இருப்பதால் மெலிவுக்குக் காரணம் மூக்குதானா என்ற ஐயம் எழும். மூளையில் மூக்கின் செய்தியைப் பெறும் மோப்பக் குமிழை அகற்றியபோது அந்தப் பாதுகாப்பு மறைந்தது என்பதே அதற்கு வலுவான விடை. ஒரு மரபணுவை நீக்கிவிட்டு, விளைவு எந்தத் திசுவிலிருந்து வந்தது என்று சோதிக்காமல் விடக்கூடாது.

காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போடுவதும் நேர்கிறது. நீண்ட காலக் கொழுப்புத் தீவனமே எலியின் மோப்ப நரம்பணுக்களைக் குறைத்துவிடும் என்று ஃபடூல் குழுவினர் 2014-இல் காட்டினர். ஆகவே பருத்த எலியின் மந்தமான மோப்பம் பருமனுக்குக் காரணம் என்று உடனே எழுதிவிட முடியாது.

மோப்பத்தை அளக்கும் முறையிலும் கண்ணி உண்டு. புதைத்து வைத்த தீனியைக் கண்டுபிடிக்கும் சோதனையில், பசியை அடக்கும் லெப்டின் என்னும் ஹார்மோன் இல்லாமல் ஓயாத பசியோடு திரியும் எலி முந்திக்கொண்டால், அது மூக்கின் திறமையா பசியின் அவசரமா? தீனியைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தும் நேரத்தை அளந்தால்தான் வேறுபாடு புலப்படும்.

ஒப்பீட்டுக்கு உடன்பிறந்த எலிகளையே கொள்வது நலம். ஒரே பெயரில் வழங்கும் சி57பி.எல்./6 என்னும் ஆய்வக எலி வகையிலும் ‘ஜே’, ‘என்’ கிளைகள் சர்க்கரையைக் கையாள்வதில் வேறுபடுகின்றன. எலிக்கு இதமான வெப்பநிலை ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ். நமக்கு வசதியான 22 டிகிரியில் அது குளிரைத் தாங்கப் பழுப்புக் கொழுப்பை எரித்துக்கொண்டே இருக்கிறது. அதே சோதனையை 30 டிகிரியிலும் செய்து பார்க்காதவரை, மெலிவில் குளிரின் பங்கு எவ்வளவு, மூக்கின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது.