சூப்பர்சார்ஜர் கணக்கில் எங்கே சறுக்குகிறோம்?

சூப்பர்சார்ஜர் என்பது பிஸ்டன் விமான இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பம்ப். மேனிஃபோல்டு பிரஷர் மீட்டரை (சிலிண்டருக்குப் போகும் காற்றின் அழுத்தத்தைக் காட்டுவது) மட்டும் பார்த்து பவரை முடிவு செய்வது, இந்தப் பாடத்தில் நடக்கும் தவறுகளிலேயே பெரியது. சென்னையில் ஏரோநாட்டிகல் படிக்கும் பிள்ளைகளிடம் வைவாவில் அடிக்கடி கேட்கும் பதில் இது: "பிரஷர் அதேதான் சார், அப்போ பவரும் அதேதான்." இல்லை. சிலிண்டருக்குத் தேவை காற்றின் எடை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுகிறதே, அதேதான் சூப்பர்சார்ஜரிலும் நடக்கிறது. அழுத்த அழுத்தக் காற்று சூடாகிறது. அந்தச் சூடு, அழுத்தத்தால் கிடைத்த அடர்த்தியில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

கணக்குப் போட்டே பார்ப்போம். 19,000 அடியில் வெளிக்காற்று ஏறத்தாழ மைனஸ் 23 டிகிரி செல்சியஸ். 70 சதவீதத் திறனுள்ள சூப்பர்சார்ஜர் அதை மூன்று மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், காற்று 110 டிகிரியை நெருங்கிவிடும். அழுத்தம் மூன்று மடங்கு, அடர்த்தியோ இரண்டு மடங்குகூட இல்லை. அதே காற்றை, அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரில் 40 டிகிரிக்கு இறக்கினால் அடர்த்தி 2.4 மடங்கு ஆகும். மீட்டர் முள் அசையாமலேயே சுமார் 22 சதவீதம் கூடுதல் காற்று! இன்டர்கூலருக்குள் கொஞ்சம் அழுத்தம் விழும். அதை இங்கே விட்டுவிட்டேன், பரீட்சையில் விடாதீர்கள். கெல்வினுக்கு மாற்றாமல் செல்சியஸிலேயே விகிதம் போடவும் வேண்டாம். அப்புறம், குளிர்ந்த காற்று-பெட்ரோல் கலவை சீக்கிரம் டெட்டனேஷன் ஆகாது, அதாவது சிலிண்டருக்குள் தானாக வெடித்துவிடாது. அதனால் அதே பெட்ரோலில் பூஸ்டையும் (சூப்பர்சார்ஜர் ஏற்றித் தரும் அழுத்தத்தை) கூட்டலாம்.

சூப்பர்சார்ஜர் எல்லா உயரத்திலும் லாபம் என்பது அடுத்த தவறு. ஒரே கியரில், உயரத்துக்காக அமைத்த சூப்பர்சார்ஜரைத் தரைக்கு அருகே ஓட்டினால், காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டிலைப் பாதி மூடித்தான் வைக்க வேண்டும். ஆனால் சூப்பர்சார்ஜர் தான் சுற்றுவதற்காக கிராங்க்ஷாஃப்டிலிருந்து (இன்ஜினின் சுழல்தண்டிலிருந்து) பிடுங்கும் குதிரைத்திறனோ குறையாது. ஆகவே தரையில் பவர் குறைவு. ஏற ஏற வெளிக்காற்று குளிர்கிறது, எக்ஸாஸ்டை எதிர்த்து நிற்கும் அழுத்தமும் தளர்கிறது. பூஸ்ட் மாறாமலே பவர் மெல்லக் கூடும். த்ராட்டில் முழுதாகத் திறந்துவிடும் உயரத்தைத் தாண்டினால் சரியும். இதை வரைபடத்தில் நேர்கோடாக இழுப்பவர்கள் நிறைய. தரைக்கு ஒரு கியர், உயரத்துக்கு ஒரு கியர் என்று ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் 20 போன்ற விமான இன்ஜின்கள் வந்தது இதற்காகத்தான்.

1942-இல் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் 9 போர் விமானத்துக்கு வந்த மெர்லின் 61 இன்ஜினைப் பற்றிப் பேசும்போது எல்லாப் புகழையும் இன்டர்கூலருக்கே கொடுத்துவிடுகிறார்கள். உயரத்தைக் கொடுத்தது இரண்டு அடுக்கு சூப்பர்சார்ஜர். அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தியதால் வந்த சூட்டை இறக்கியது இன்டர்கூலர். ஒன்றில்லாமல் மற்றொன்றை வைத்து அந்த இன்ஜினைப் பேசவே முடியாது.

எக்ஸாஸ்ட் புகையால் சுழலும் சூப்பர்சார்ஜரான டர்போ 'ஓசி பவர்' என்பதும் பாதி உண்மைதான். எக்ஸாஸ்டில் பின்னழுத்தம் ஏறும். குழாய்கள், இன்டர்கூலர், அதற்குக் காற்று என்று எடையும் இழுவையும் சேரும். அமெரிக்கப் போர் விமானம் பி-47 அவ்வளவு பருமனாக இருப்பதற்கு, வால் பக்கம் உட்கார்ந்திருக்கும் டர்போவும் அதன் குழாய்களும் ஒரு காரணம். இன்னொரு அமெரிக்கப் போர் விமானமான பி-38-இன் ஆரம்ப மாடல்களில் இறக்கையின் முன்விளிம்பே இன்டர்கூலர். அழகான யோசனை, ஆனால் இன்ஜின் பவர் கூடியதும் அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஜே மாடலில் அதை எடுத்துவிட்டு, இன்ஜினுக்குக் கீழே தனி இன்டர்கூலர் வைத்தார்கள்.

கடைசியாக, நம் ஊர்த் தவறு. இன்ஜின் பவர் பட்டியல்கள் பெரும்பாலும் கடல்மட்டத்தில் 15 டிகிரி என்று வைத்துப் போட்டவை. மே மாத மீனம்பாக்கத்தில் 40 டிகிரி அடித்தால், அதே அழுத்தத்தில் காற்றின் அடர்த்தி 8 சதவீதம் குறைவு. உள்ளே வரும் காற்று சூடாக இருந்தால், அதே வேகத்தில் சுற்றும் சூப்பர்சார்ஜரால் அதே மடங்கு அழுத்தவும் முடியாது. மேலேயும் காற்று வழக்கத்தைவிடச் சூடாக இருக்கும் நாளில், முழு த்ராட்டில் உயரம் பட்டியலில் உள்ளதைவிடக் கீழே இறங்கிவிடும். வெப்பநிலைத் திருத்தம் போட்ட பிறகே அந்த எண்ணை எடுங்கள்.