பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர்

வண்ணார்பேட்டையில் நான் தனியாக இஞ்சின் கோர்க்க ஆரம்பித்த புதுசு. மாஞ்சோலை மலை ரோடு ஏற ஒரு ஜிப்ஸிக்கு பிளாக் (சிலிண்டர்கள் இருக்கிற அடிப்பாகம்), ஹெட் (அதன் மேல்மூடி) ரெண்டையும் லேத்தில் ஃபேஸ் போட்டு, அதாவது முகத்தைச் சீவி மட்டமாக்கி வாங்கி, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஹெட்டுக்கு எவ்வளவு இடைவெளி இருக்கும் என்று அளக்காமலே கோர்த்துவிட்டேன். மெதுவாக ஓடினால் சத்தமில்லை. முறுக்கினால் டொக் டொக். ஹெட்டைக் கழற்றினால், மூணாவது பிஸ்டன் ஓரத்தில் கரி துடைத்துவிட்ட மாதிரி பிறை வடிவில் பளபளவென்று ஒரு தடம். அது ஹெட்டில் இடித்த தடம்.

குளிர்ந்த இஞ்சினில் தட்டாத பிஸ்டன் வேகத்தில் தட்டும். சூட்டில் உலோகம் விரியும், பிஸ்டனைக் கிராங்கோடு (அடியில் சுற்றுகிற தண்டு) இணைக்கிற ராடு இழுபடும், பேரிங் இடைவெளியும் சேரும். அதனால் இரும்பு ராடுக்கு 0.9 முதல் 1 மில்லிமீட்டர் வரை இடைவெளி விடணும். அலுமினிய ராடுக்கு 1.5 வேணும். கூட விட்டால் நல்லதுதானே என்று நினைக்காதீங்க. ஓரத்தில் பெட்ரோல் கலவை சரியாகப் பிழியப்படாமல், இஞ்சின் நாக் அடிக்கும், அதாவது கலவை தாறுமாறாகத் தானே வெடித்துத் தட்டும்.

டயல் கேஜை (முள் வைத்த அளவுமானி) பிளாக்கின் முகத்தில் பூஜ்ஜியம் வைத்து, பிஸ்டன் மேல் நகர்த்துங்க. கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றினால் முள் ஏறி, நின்று, இறங்கும். நிற்கிற இடம்தான் கணக்கு. கேஜ் முனை, பிஸ்டனை ராடோடு கோர்க்கிற பின் போகிற கோட்டுக்கு நேர் மேலே இருக்கணும். மற்ற ஓரத்தில் வைத்தால் பிஸ்டன் ஆடி அளவு பொய் சொல்லும். பின்னின் ரெண்டு முனையிலும் எடுத்து சராசரி பாருங்க. நாலு சிலிண்டரையும் அளங்க, ஒண்ணை வைத்து மற்றதைச் சொல்ல முடியாது.

அந்த ஜிப்ஸியை மறுபடி கோர்த்தப்போ பிஸ்டன்கள் பிளாக்குக்கு மேலே 0.20, 0.22, 0.26, 0.21 மில்லிமீட்டர் வந்தன. பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கிற கேஸ்கட், போல்ட்டை முறுக்கி அழுந்திய பிறகு கனம் 1.20. அதிலிருந்து பெரிய அளவைக் கழிக்கணும்: 1.20 − 0.26 = 0.94. பிஸ்டன் பிளாக்குக்குள் தாழ்ந்து நின்றால் கூட்டணும். புது கேஸ்கட்டை அப்படியே அளந்தால் தப்பு, முறுக்கினதும் அது ஒடுங்கும்.

கணக்கை நம்பி விடாமல் ஈயத்தால் சோதிப்பேன். ரெண்டு மில்லிமீட்டர் கனமுள்ள சால்டர் ஈயக் கம்பியை கிரீஸ் தொட்டு, பின் கோட்டின் ரெண்டு முனையிலும், ஹெட்டின் தட்டையான பகுதிக்கு அடியில் வருகிற மாதிரி ஒட்டி, அதே கனத்தில் பழைய கேஸ்கட் வைத்து டார்க் ரெஞ்சில் (முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனர்) முழுசாக முறுக்குவேன். வால்வுகளைக் கிராங்கோடு சேர்த்து ஓட்டுகிற டைமிங் பெல்ட் மாட்டாமல் சுத்தவே கூடாது, வால்வு பிஸ்டனில் இடித்து வளையலாம். ஒரு சுற்று சுற்றி, நசுங்கின ஈயத்தை மைக்ரோமீட்டரில் பார்த்தேன்: மூணாவது சிலிண்டரில் 0.95. லேத்துக்கார அண்ணாச்சியிடம் காட்டினேன். "இப்பம் மூடுலே" என்றார்.

வால்வுக்கும் பிஸ்டனுக்குமான இடைவெளி வேற கணக்கு. அதைக் களிமண் வைத்துத் தனியாகப் பாருங்க.